ஆராதனை இல்லாத நாளில் திருவையாறு: ஒரு நாள் சுற்றல்

#1 — நொய்யல்கரை

திருவையாறு போய்வந்தேன் என்று சொன்னால் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "ஆராதனைக்கா?" இல்லை. தியாகராஜர் நினைவு நாளில் அங்கே நடக்கும் இசை விழாவைத்தான் அப்படிக் கேட்கிறார்கள். நான் போன ஆவணியில், எந்த விசேஷமும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். சங்கீதத்தில் எனக்கு அரைகுறை ஞானம்தான். ராகம் கண்டுபிடிப்பதில் பத்துக்கு ஆறு தப்பாகும். ஆனாலும் அந்த நாளை இங்கே எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

விடியற்காலையில் தஞ்சை பழைய பேருந்து நிலையத்தில் வண்டி ஏறினேன். 13 கிலோமீட்டர்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி என்று ஐந்து பாலம். ஐயாறு என்ற பெயருக்கு இந்த ஐந்தைத்தான் காரணம் சொல்கிறார்கள். நொய்யலில் சாயத்தையும் நுரையையும் பார்த்துப் பழகிய கண் எனக்கு. ஒவ்வொரு பாலத்திலும் ஜன்னல் பக்கம் எட்டி எட்டிப் பார்த்ததில் பக்கத்து இருக்கைப் பெரியவர், "தம்பி எந்த ஊரு? தண்ணியே பார்த்ததில்லையா?" என்று கேட்டுவிட்டார்.

புஷ்ய மண்டபப் படித்துறையில் போய் உட்கார்ந்தேன். காவிரி இரண்டாவது படியைத் தொட்டுக்கொண்டு போனது. ஒரு பக்கம் துணி துவைக்கிற சத்தம், இன்னொரு பக்கம் யாருக்கோ தர்ப்பணம். நடுவில் ஒரு பையன், இருபது வயதுகூட இருக்காது, கைபேசியில் சுருதியைப் போட்டுப் படியில் சாய்த்து வைத்துவிட்டு, சங்கீதத்தின் ஆரம்பப் பாடமான ஜண்டை வரிசையை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், பாடிக்கொண்டிருந்தான். கச்சேரி கிடையாது, கேட்க ஆள் கிடையாது. மூன்றாம் காலத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தடுக்கியது. நிறுத்துவான், மறுபடி முதலிலிருந்து தொடங்குவான். அரை மணி நேரம் அவனைத்தான் கேட்டேன். இங்கே இருக்கிற அரசு இசைக் கல்லூரியில் படிக்கிறானாம். "வீட்டுல பாடினா பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வராங்க சார், ஆறு ஒண்ணும் சொல்லாது" என்றான்.

அடுத்து, நடக்கிற தூரத்தில் தியாகராஜர் சமாதி. 1767-இல் திருவாரூரில் பிறந்தவர், வாழ்நாளில் பெரும்பகுதியை இங்கேதான் கழித்தார். 1847 ஜனவரி 6-ஆம் தேதி மறைந்தார். கடைசி நேரத்தில் துறவு வாங்கிக்கொண்டதால் எரிக்காமல் ஆற்றங்கரையிலேயே சமாதி வைத்தார்கள். உள்ளே இரண்டு பேர்தான் இருந்தோம். நானும், ஒரு மூலையில் கண்மூடி உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளும். பிறகு ஆந்திராவிலிருந்து வேனில் ஒரு குடும்பம் வந்தது. பாட்டி முதல் பேத்தி வரை வரிசையாக உட்கார்ந்து ஸ்ரீராகத்தில் 'எந்தரோ மகானுபாவுலு' தொடங்கினார்கள். பாட்டிக்கு மேல்ஸ்தாயி எட்டவில்லை. பேத்தி அந்த இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். முன்பே பேசி வைத்த மாதிரி இருந்தது.

ஐயாறப்பர் கோயிலுக்குப் போனபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. தெற்குப் பிராகாரத்தில் ஓர் இடத்தில் நின்று "ஐயாறா" என்று கூப்பிட்டால் ஏழு முறை எதிரொலிக்கும் என்பார்கள். கூப்பிட வெட்கமாக இருந்தது. ஒரு பள்ளிக்கூடப் பட்டாளம் வந்து கத்தித் தீர்த்தது. அந்த இரைச்சலில் எதை எண்ணுவது!

பன்னிரண்டு மணிக்கு நடை சாத்திவிட்டார்கள். அப்புறம் சாப்பாடு, சூடான அசோகா அல்வா, திண்ணையில் ஒரு தூக்கம். மாலையில் கோயிலுக்குத் திரும்பிச் சாயரட்சை பூஜை வரை இருந்தேன். நாயனச் சத்தத்தோடு ஊர் இருட்டியது.

என் கருத்து இதுதான்: இந்த ஊரின் இசையைக் கேட்க ஆராதனைக்குப் போகாதீர்கள். அன்றைக்குப் பந்தலைத்தான் பார்ப்பீர்கள், ஊரைப் பார்க்க மாட்டீர்கள்.

#2 — பந்தல்கால்

கடைசிப் பத்தி வரை ரசித்துப் படித்தேன், அங்கே கோபம் வந்துவிட்டது.

இருபது வருஷமாக ஆராதனைக்குப் போகிறேன். புஷ்ய பகுள பஞ்சமி, பெரும்பாலும் ஜனவரியில் வரும். அன்று காலை தியாகராஜர் வாழ்ந்த திருமஞ்சன வீதியிலிருந்து உஞ்சவிருத்தி புறப்படும். அவர் அரிசிக்குப் பாடிக்கொண்டு நடந்த தெருக்களில் இப்போது பெரிய பெரிய வித்வான்கள் நடக்கிறார்கள். ஒன்பது மணி வாக்கில் பஞ்சரத்னம், அவருடைய ஐந்து பெரிய கீர்த்தனைகள். நாட்டையில் 'ஜகதானந்த காரக' எடுக்கும்போது நூற்றுக்கணக்கான தொண்டை ஒரே ஷட்ஜத்தில் ('ஸ' ஸ்வரத்தில்) சேரும். மேடையில் தனி ஆவர்த்தனம் வாசிக்கிறவர், நேற்றுத்தான் வர்ணம் முடித்த சிறுமி, இரண்டு பேரும் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கும் சன்மானம் கிடையாது. இந்த மாதிரி ஒன்றை எந்தச் செவ்வாய்க்கிழமையில் காட்டுவீர்கள் சார்?

கூட்டம் இருக்கும், சரி. பின்வரிசையில் உட்கார்ந்தால் ஒலிபெருக்கிதான் பாடும், அதுவும் சரி. வானொலியில் நேரடியாகவே கேட்கலாமே என்று வீட்டில்கூடக் கேலி செய்வார்கள். ஆனால் கௌளையில் 'துடுகு கல' வரும்போது உங்கள் பக்கத்தில் இருக்கிற முன்பின் தெரியாத ஆள் தொடையில் ஆதி தாளம் போடுவாரே, அது வானொலியில் வராது.

#3 — வராளி

இரண்டு பேருமே ஒருவரை விட்டுவிட்டீர்கள். நொய்யல்கரை சார், சமாதிக்கு எதிரே கைகூப்பி உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மாளின் சிலையைப் பார்த்தீர்களா? பெரும்பாலானவர்கள் யாரோ பக்தை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அவர் பெங்களூர் நாகரத்னம்மா. 1878-இல் பிறந்து 1952-இல் மறைந்தவர். தேவதாசி மரபில் வந்தவர். புதர் மண்டிக் கிடந்த இடத்தைத் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் நிலம் வாங்கி, 1920-களில் கோயிலாக எழுப்பியவர் அவர்தான். அவர் கட்டிய இடத்தில் அவரைப் பாட விடவில்லை. பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று ஆண்கள் இரண்டு பிரிவாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. பெண்கள் பாடக் கூடாது என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒற்றுமை! இந்த அம்மாள் பெண்கள் கட்சி என்று மூன்றாவதாக ஒன்றைத் தொடங்கி, சமாதிக்குப் பின்பக்கம் பெண்களை உட்கார வைத்துக் கச்சேரி நடத்தினார். 1940-களின் தொடக்கத்தில்தான் மூன்றும் ஒன்றாகி, ஆணும் பெண்ணும் சேர்ந்து பஞ்சரத்னம் பாடுகிற இன்றைய முறை வந்தது.

பந்தல்கால் சார் உருகுகிற அந்த ஒரே ஷட்ஜம் தியாகராஜர் காலத்திலிருந்தே வந்துகொண்டிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். நூறு வயதுகூட ஆகவில்லை. உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்று சிஷ்யப் பரம்பரைகள் பல. ஒவ்வொன்றிலும் பாடாந்தரம் வேறு. ஒரே கீர்த்தனை ஆளுக்கொரு விதமாக வரும். எல்லாரும் சேர்ந்து பாடுவதற்குப் பொதுவான ஐந்தைத் தேர்ந்தெடுத்துப் பாடம் ஒழுங்கு செய்ய வேண்டியிருந்தது.

நானும் ஆராதனைக்குப் போயிருக்கிறேன். கூட்டத்தில் அந்தச் சிலைக்கு முன்னால் இரண்டு நிமிஷம் நிற்க முடியவில்லை. அந்த ஒரு காரணத்துக்காக என் ஓட்டு செவ்வாய்க்கிழமைக்குத்தான்.

#4 — பாணன்

எல்லாம் சரி. தமிழ்நாட்டு ஆற்றங்கரை ஊர், பாரம்பரிய இசை என்று இழை போட்டிருக்கிறீர்கள். இதுவரை வந்த பாட்டுகளில் ஒன்றுகூடத் தமிழ் இல்லையே? 1943-இல் தமிழிசைச் சங்கம் தொடங்கியதே இந்த வயிற்றெரிச்சலில்தான். இன்னும் அதே கதை.

#5 — பந்தல்கால்

வந்துவிட்டாரய்யா. நாயக்கர் காலத்திலும் மராட்டியர் காலத்திலும் தஞ்சையில் தெலுங்கு சபை மொழியாக இருந்தது, தியாகராஜர் வீட்டு மொழியும் அதுதான். அவர் வேறு எதில் பாடுவார்? 'முரிபெமு கலிகே' என்று முகாரியில் ஒரு கீர்த்தனை இருக்கிறது. சோழ நாட்டில் காவிரிக் கரையில் இருக்கிற இந்தத் தலத்தின் அழகைத்தான் அதில் சொல்கிறார். 'சாரி வெடலின' அசாவேரியில் காவிரி ஓடிவருகிற அழகு. மொழி தெலுங்கு, மண் நம்முடையது.

#6 — ஓதுவார்வீட்டுப்பிள்ளை

சண்டை வேண்டாம். பாணன் அண்ணன் கேட்டது நியாயமான கேள்விதான், ஆனால் பதில் அந்தக் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. நொய்யல்கரை ஐயா நாயனம் கேட்டதாக எழுதியிருக்கிறார். தேவாரம் கேட்டாரா என்று தெரியவில்லை. பூஜை நேரத்தில் சந்நிதி ஓரமாக நின்று காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். மணிச் சத்தத்தில் பாதி அமுங்கிப் போகும்.

தியாகராஜருக்கு ஆயிரத்து இருநூறு வருஷம் முந்தையது திருவையாற்றின் பாட்டு. சம்பந்தர் முதல் திருமுறையில் இந்த ஊருக்குப் பாடிய பதிகம் மேகராகக் குறிஞ்சிப் பண்ணில் அமைந்தது. இன்று நாங்கள் நீலாம்பரியில் பாடுகிறோம். அதன் முதல் பாட்டிலேயே ஒரு காட்சி வரும். கோயிலை வலம்வந்த பெண்கள் நடனம் ஆடுகிறார்கள், முழவு அதிர்கிறது. அந்த அதிர்ச்சியை இடி என்று நினைத்த குரங்குகள் மழை வரப்போகிறதென்று பயந்து, மரத்தில் ஏறி மேகத்தைத் தேடுகின்றன. ஏழாம் நூற்றாண்டில் இந்த ஊர்த் தெருவில் என்ன சத்தம் கேட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? பண்ணின் பெயரிலேயே மேகம் இருக்கிறது பாருங்கள். என் தாத்தா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அப்பர் பாடியது 'மாதர்ப் பிறைக்கண்ணியானை'. காந்தாரப் பண், இப்போது நவரோஜ். கயிலைக்குப் போக வடக்கே நடந்து நடந்து, உடம்பு தேய்ந்து, முடியாமல் ஒரு பொய்கையில் மூழ்கினார், இங்கே உள்ள குளத்தில் எழுந்தார் என்பது புராணம். எழுந்து வரும் வழியில் யானை, கோழி, குயில், மயில் என்று எல்லாம் ஜோடி ஜோடியாக வரப் பார்க்கிறார். ஆடி அமாவாசையன்று அப்பர் கயிலைக் காட்சி விழா நடக்கும். அன்றைக்குத் தமிழ் மட்டும்தான், பாணன் அண்ணே. வாருங்கள்.

வீட்டில் பாடம் சொல்லும்போது அப்பா ஒரு விதி வைத்திருந்தார். பதிகம் பாடும்போது ஆலாபனை நீட்டக் கூடாது, சொல் சிதையக் கூடாது. ராகம் சொல்லைத் தூக்கிக்கொண்டு போகிற பல்லக்கு, அவ்வளவுதான் என்பார்.

#7 — பாணன்

குரங்கு விஷயம் இன்றுதான் தெரிந்துகொண்டேன். ஆடி அமாவாசைக்கு வருகிறேன். கோபம் முழுதாகத் தணியவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

#8 — சீவாளி

நாயனம் வாசிக்கிறவன் என்ற முறையில் நான்கு வார்த்தை.

கச்சேரி பற்றிப் பேச ஆயிரம் பேர் வருவார்கள். தினமும் காலையும் மாலையும் கோயிலில் வாசிக்கிறவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விடியலில் பூபாளம், பகல் ஏற ஏற பிலஹரி, பள்ளியறைக்கு நீலாம்பரி, புறப்பாட்டுக்கு கம்பீரநாட்டையில் மல்லாரி என்று எங்களுக்கு நேரம்தான் நிகழ்ச்சி நிரல். மல்லாரிக்குச் சாகித்தியம், அதாவது பாட்டு வரி, கிடையாது. தெலுங்கும் இல்லை, தமிழும் இல்லை, எல்லாம் தத்தகாரம்தான். உங்கள் சண்டையில் எங்களை இழுக்க முடியாது!

வாத்தியத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திருவையாற்றிலிருந்து கும்பகோணத்தைத் தாண்டிப் போனால் நரசிங்கம்பேட்டை. இன்று நாங்கள் ஊதுகிற நாயனம் அங்கே ஆச்சா மரத்தில் கடைவது. புது மரம் ஆகாது. பழைய வீடுகளை இடிக்கும்போது வருகிற உத்தரம், தூண் இவற்றைத் தேடி வாங்குவார்கள். பல வருஷம் காய்ந்த மரத்தில்தான் நாதம் நிற்கும். முன்பு எல்லாரும் திமிரி வாசித்தார்கள், நீளம் குறைவு, சுருதி அதிகம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைதான் நீளமான பாரி நாயனத்தை நிலைநிறுத்தினார். அவருடைய தோடி ராகம் அப்படி இறங்கி வந்தது அதனால்தான். 2022-இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். ஆனால் குறியீடு கிடைத்த வாத்தியத்தை வாசிக்க ஆள் வேண்டுமே. நான் வாசித்துக்கொண்டிருந்த ஒரு கோயிலில், ஊர்ப் பெயர் வேண்டாம், மின்சாரத்தில் ஓடுகிற முரசு இயந்திரத்தை வாங்கி வைத்தார்கள். பொத்தானை அழுத்தினால் மணியும் மேளமும் தானே அடிக்கும். முதல் மாதம் எங்கள் வாசிப்போடு சேர்த்து ஓட்டினார்கள். அதன் லயத்துக்கு நாங்கள் வாசிக்க வேண்டும்! மூன்றாம் மாதம் "நீங்கள் விசேஷ நாளுக்கு மட்டும் வந்தால் போதும்" என்றார்கள்.

நொய்யல்கரை சார், நீங்கள் சாயரட்சையில் உட்கார்ந்து கேட்டீர்களே. எங்களுக்கு அப்படி ஒரு ஆள் எதிரே உட்கார்ந்திருந்தால் போதும், அன்றைக்கு ராகத்தை ஐந்து நிமிஷம் கூட்டி வாசிப்போம்.

#9 — மதுரைக்காரன்

அண்ணே, இதெல்லாம் படித்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன், உடனே கிளம்பு என்கிறார். வயது எழுபத்திரண்டு, முட்டி வலி. எந்த மாதம் போகலாம்? தண்ணீர் இருக்க வேண்டும், கூட்டம் இருக்கக் கூடாது. படித்துறையில் இறங்க முடியுமா?

#10 — கடைமடை

தண்ணீர் கேள்விக்கு நான் சொல்கிறேன், எங்கள் பிழைப்பே அதுதான். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். அணையில் இருப்பு இல்லாத வருஷம் திறப்பு தள்ளிப்போகும். எங்கள் பக்கத்துக்கு வந்து சேர்வதற்குள் குறுவை கருகிவிடும், அது வேறு கதை. அணை மூடிய பிறகு பங்குனி, சித்திரையில் போனால் புஷ்ய மண்டபத்துக்கு எதிரே மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். கேட்கப் பாட்டு இருக்கும், ஆறு இருக்காது.

ஆடிப் பதினெட்டு அன்று மட்டும் போகாதீர்கள். காதோலை கருகமணியும் சித்திரான்னமுமாக ஊரே படித்துறையில்தான் இருக்கும். அம்மாவால் நிற்க முடியாது. ஆவணி, புரட்டாசி சரியான நேரம். ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொள்ளும்.

#11 — நொய்யல்கரை

மதுரைக்காரன் தம்பி, படித்துறையில் மேல்படியிலேயே உட்காரச் சொல்லுங்கள், கீழ்ப்படிகள் பாசி பிடித்து வழுக்குகின்றன. கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், பிராகாரக் கல் பத்து மணிக்கு மேல் காலைப் பொசுக்கும். அசோகா பாசிப்பருப்பில் செய்வது, நெய் சொட்டும். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் அவர் பங்கை நீங்கள் சாப்பிடவும். அதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

வராளி அம்மா, சிலையை நானும் பார்த்தேன், யாரோ பக்தை என்று நினைத்து நகர்ந்தவர்களில் நானும் ஒருவன். ஒப்புக்கொள்கிறேன். ஓதுவார் வீட்டுத் தம்பி, தேவாரமும் என் காதில் விழவில்லை. சந்நிதிக்கு வெளியே தூணில் சாய்ந்து, காற்று நன்றாக வருகிறது என்று உட்கார்ந்திருந்தேன். பந்தல்கால் சாரிடம் பாதி தோற்றுவிட்டேன். அந்த ஆந்திரப் பாட்டியும் பேத்தியும் பாடியதுகூட ஆராதனை பாடக் கற்றுக்கொடுத்த பாட்டுதானே.

#12 — வராளி

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இல்லாவிட்டாலும் சித்திரையில் ஒரு காரணம் இருக்கிறது: ஏழூர்த் திருவிழா. ஐயாறப்பர் பல்லக்கில் புறப்பட்டுத் திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று சுற்றி வருவார். அந்தந்த ஊர்ச் சுவாமியும் பல்லக்கில் சேர்ந்துகொள்வார். ஏழு பல்லக்கும் திருவையாற்றில் கூடும்போது ஒரு பொம்மை வந்து பூப்போடும். ஒவ்வொரு பல்லக்குக்கும் தனித்தனி மேளம். சீவாளி அண்ணனுக்கு அந்த வாரம் இயந்திரத்தின் தொல்லை இருக்காது!

#13 — சீவாளி

இருக்காது. வயல் வரப்பில் முரசு இயந்திரத்துக்கு மின் இணைப்பு எங்கே கொடுப்பார்கள்?

#14 — மதுரைக்காரன்

போய்வந்தோம். புரட்டாசி இரண்டாவது வாரம், புதன்கிழமை. ஆறு நிறையத் தண்ணீர். அம்மா மேல்படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொள்ள வேண்டும் என்று அடம்பிடித்ததால், செம்பில் மொண்டுவந்து ஊற்றினேன். ஜண்டை வரிசைப் பையனைக் காணவில்லை, வேறொரு பெண் வயலின் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள், வாசிக்கவில்லை. நாகரத்னம்மா சிலைக்கு அம்மா தலையிலிருந்த பூவை எடுத்து வைத்தார். உச்சிகாலத்தில் ஓதுவார் பாடினார். மணி அடிக்கிறவரிடம் அம்மா போய், "தம்பி, கொஞ்சம் மெதுவா அடிக்கக் கூடாதா, பாட்டு கேக்கலை" என்றார். அவர் நிஜமாகவே மெதுவாக அடித்தார்.

அப்புறம் தெற்குப் பிராகாரம். ஆள் யாரும் இல்லை. நான் "ஐயாறா" என்று கூப்பிட்டேன். ஐந்துதான் எண்ண முடிந்தது. அம்மா ஏழு என்கிறார். எனக்குக் காது போய்விட்டதாம்.

#15 — பந்தல்கால்

அம்மா சொன்னால் ஏழுதான்.